கைபேசி வைத்துக்கொண்ட பக்கம்

ஒரு வலைச் செயலியில் பழுது என்று எவரேனும் கூறினால், முதலில் அப்பழுதை நம் கண்முன் மீண்டும் வரவழைத்துப் பார்த்தல் வேண்டும். நாம் காணாத பழுதை நம்மால் திருத்த இயலாது. இதை நான் கற்றபோது என் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். கேரளத்துக் கொல்லங்கோட்டில் ஒரு கணினி மையத்தின் மாலை வகுப்பில், அவளைவிடச் சற்றே மூத்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து கற்றேன். பிந்திக் கற்றவர்கள் விதிகளை எளிதில் மறப்பதில்லை. விதிகளை அறிந்திருப்பது ஒருவரைக் காப்பாற்றும் என்றும் அப்போது நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் செம்மண்களம். மீனாட்சிபுரத்திலிருந்து உள்ளே செல்லும் சாலையில் இருக்கிறது. ஊரின் கிழக்கு வீதி முடியும் இடத்தில் கேரளமும் முடிகிறது. வீதியின் கடைசிக் கிணறு கேரளத்தைச் சேர்ந்தது. அதன் தண்ணீர் பாயும் தென்னந்தோப்பு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பால் சங்கம் நடத்துவது எளிதன்று. எல்லைக்கு அப்பாலிருந்து பால் வருகிறது, அதைச் சிலர் தம் வீட்டுப் பால் என்று சொல்லி ஊற்றுகிறார்கள் என்ற புகார் எந்நாளும் உண்டு. அதைத் தடுக்க ஒரு செயலி வந்தது.

செயலியின் முறை எளியது. உறுப்பினர் தம் கட்டுத்தரையில் மாட்டைக் கறந்தவுடன், அங்கேயே நின்று கைபேசியில் ‘கறந்தாச்சு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவர் கேரளத்துக்குள் நின்று அழுத்தினாரா, வெளியே நின்று அழுத்தினாரா என்பதைச் செயலி கண்டறியும். உள்ளே எனில் பச்சை நிறத்தில் ‘உள்’ என்றும், வெளியே எனில் சிவப்பு நிறத்தில் ‘வெளி’ என்றும் குறிக்கும். ஓர் ஆண்டில் பாதிக்கு மேல் ‘வெளி’ விழுந்தவர், வெளிமாநிலப் பால் ஊற்றியவர் ஆவார். அவர் சங்கத் தேர்தலில் வாக்களிக்கவோ நிற்கவோ முடியாது.

இதை எழுதியவன் கௌசிக். சங்கத் தலைவர் சிவப்பிரகாஷின் மகன்; பொறியியல் படித்தவன்; கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவன். அவனுக்கு நேரம் கிடைக்காமற்போகவே, செயலியைப் பராமரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் வந்த பழுது இரட்டைப் பதிவு. செம்மண்களத்தில் ரேஞ்சு நிலையாக இருப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாதபோது மனிதர் மறுபடியும் அழுத்துவர். அது இயற்கை. இதனால் ஒரு கறவை பல கறவைகளாகப் பதிவாயிற்று. இதை என்னிடம் முதலில் கூறியவர் குப்பண்ணன் சித்தப்பா. என் தந்தையின் தம்பி. கிழக்கு வீதியின் கடைசி வீட்டுக்காரர்.

“அம்மிணி, என்ற மாடு ஒருக்காத்தான் கறக்குது. உங்க ஆப்பு மூணு தரம் கறக்குது. பேசாம ஆப்புக்கே தவுடும் புண்ணாக்கும் வெச்சர்லாம்” என்றார்.

அழுத்தியவுடன் பொத்தானை முடக்கி, ‘அனுப்புகிறது, பொறுங்கள்’ என்று காட்டச் செய்தேன். அத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்காதவாறு அமைத்தேன். முன்கதவை மட்டும் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

அடுத்து, ரேஞ்சு இல்லாத நேரத்தில் பக்கமே திறக்காமல் வெள்ளையாக நின்றது. இதற்குத் தீர்வு, கைபேசியே பக்கத்தை, அதிலுள்ள பட்டியலோடு, தன்னுள் எடுத்து வைத்துக்கொள்வது. திறந்தவுடன் வைத்திருக்கும் பக்கத்தைக் காட்டும். பின்னர் சர்வரில் புதியது உண்டா என்று பார்த்து மாற்றிக்கொள்ளும். எது புதியது என்று அறிய ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் இட்டேன். எண் பெரிதானால் புதியது. இதன்பின் கிணற்றடியில் நின்றால்கூடப் பக்கம் உடனே திறந்தது.

மூன்றாவதாக, திரும்பும் வழி. எந்த மாற்றத்துக்கும் முன் செயலியையும் தரவையும் நகல் எடுக்க வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரே கட்டளையில் முந்தைய நிலைக்குத் திரும்ப இயல வேண்டும். திரும்பும் வழி இல்லாத மாற்றம் ஆபத்தானது. இதற்கான கட்டளையை எழுதி, பயன்படுத்தும் முறையைத் தெளிவாக அச்சிட்டு, சங்க அலுவலகச் சுவரில் ஒட்டினேன். கௌசிக் அதைப் படித்துவிட்டு, “சூப்பரா எழுதீருக்கீங்க அக்கா. எங்க கம்பெனிலகூட இப்படி இல்ல” என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

இம்மூன்றும் முடிந்த மாதத்தில் தலைவர் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார்.

“ஏம்மா கிருத்திகா, இத்தன வேல பண்ணீருக்கற. சம்பளத்துக்கு மேல உனக்கு ஏதாச்சு செய்யோணுமல்ல? என்ன வேணும், சொல்லு.”

“பக்கத்தோட அடியில என் பேரு வரோணுங்க.”

அவர் சிரித்தார். “அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன். போட்டுக்கோ, போட்டுக்கோ.”

அவ்வாறே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வடிவமைப்பும் பராமரிப்பும்: கிருத்திகா, செம்மண்களம்’ என்று வந்தது. சித்தப்பாவின் மனைவி சரஸ்வதியம்மாள், என் சின்னம்மா, வீட்டுக்கு எவர் வந்தாலும் கைபேசியை நீட்டுவார். இரு விரலால் அந்த வரியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவார். “படிங்க. யாரு பேரு? எங்க ஊட்டுப் புள்ள. இந்த வயசுல போயிப் படிச்சா!” என்பார். ‘இந்த வயசுல’ என்ற சொல்லில் எனக்கு வருத்தம் இல்லை. அது உண்மை; அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இந்நிலையில்தான் சங்கத் தேர்தல் நெருங்கியது. சிவப்பிரகாஷை எதிர்த்து எவரும் நின்றதில்லை. இம்முறை குப்பண்ணன் சித்தப்பா நிற்பதாகச் சொன்னார். கிழக்கு வீதிக்குப் பால் வண்டி வராமல் திரும்பிவிடுவதும், கோடையில் தீவனம் மேற்கு வீதியோடு தீர்ந்துவிடுவதும் அவரை நிற்க வைத்தன. அதை ஊரறியச் சொன்ன வாரத்தில், கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“அம்மிணி, இதென்ன பாரு. செவப்பு.”

பார்த்தேன். பட்டியலை மேலே தள்ளத் தள்ளச் சிவப்பு நீண்டது. வெளி, வெளி, வெளி. இடையிடையே ஒரு பச்சை.

“எந்நேரமும் இப்படித்தானுங்களா?”

“எனக்கென்ன தெரியும்? நான் பொத்தான அமுக்கறதோட செரி. நெறத்த ஆரு பாத்தா? இப்ப நிக்கறேன்னு சொன்ன பொறவு கௌசிக் பையன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், ‘மாமா, நீங்க வெளியாளு, எப்படி நிப்பீங்க’ன்னு.” சித்தப்பா நேராக என்னைப் பார்த்தார். “கொல்லங்கோட்டுக்குப் போனா தமிழன்னு சொல்றான். பொள்ளாச்சிக்குப் போனா கேரளாக்காரன்னு சொல்றான். என்ற கட்டுத்தரையிலயாச்சு உள்ள இருக்கறேன்னு நெனச்சேன். அதுவும் இல்லியா?”

விதிப்படி, பழுதை வரவழைத்துப் பார்க்க அவருடைய கட்டுத்தரைக்கே சென்றேன். அவர் கைபேசியில் அழுத்தினார்: வெளி. அதே இடத்தில், அதே மாட்டின் அருகில் நின்று நான் என் கைபேசியில் அவருடைய கணக்கைத் திறந்து அழுத்தினேன்: உள். பிறகு அவர் கைபேசியின் இணையத்தை நிறுத்தி, என் கைபேசியிலிருந்து அதற்கு இணையம் கொடுத்து அழுத்தச் சொன்னேன்: உள். மாடு மாறவில்லை, மனிதர் மாறவில்லை, இடமும் மாறவில்லை. மாறியது இணையம் மட்டுமே. எனவே பழுது அங்கேதான் இருந்தது.

கைபேசி இணையத்தில் சேரும்போது அதற்கு ஓர் எண் முகவரி கிடைக்கும். அம்முகவரி எந்த ஊருக்கு உரியது என்று சொல்லும் பட்டியல்கள் உண்டு. கௌசிக் அதைத்தான் பயன்படுத்தியிருந்தான். இருப்பிடத்தைத் துல்லியமாகக் கேட்டால் கைபேசி ‘அனுமதிக்கலாமா’ என்று வினவும். வயதானவர்கள் பயந்து ‘வேண்டாம்’ என்று அழுத்துவார்கள். முகவரியைப் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே அது சுலபமான வழி. ஆனால் அந்த முகவரி மனிதர் நிற்கும் இடத்தைச் சொல்லாது. அவருடைய சிம் எந்த மாநிலத்தின் வழியாக இணையத்துக்குப் போகிறதோ, அந்த மாநிலத்தையே சொல்லும்.

என் சிம் கொல்லங்கோட்டில் வாங்கியது. சித்தப்பாவின் சிம் பொள்ளாச்சியில் வாங்கியது.

எல்லைச் சாலையில் கைபேசிக் கடையும் அச்சுக் கடையும் வைத்திருக்கும் அஷ்ரஃபிடம் சென்று விசாரித்தேன்.

“வாங்க இன்ஜினீயரம்மா! ஆப்புக்கு என்ன, சளியா காய்ச்சலா?”

“அஷ்ரஃப் அண்ணா, கிழக்கு வீதியில யாரெல்லாம் தமிழ்நாட்டு நம்பரு வெச்சிருக்காங்க?”

“யாரெல்லாம் இல்லைன்னு கேளு, சுருக்கமா முடிஞ்சிரும். மச்சான் பொள்ளாச்சில, சந்தை பொள்ளாச்சில, மாட்டு வைத்தியரு ஆனமலைல. நம்பரு மட்டும் திருவனந்தபுரத்துலயா வாங்குவான்? நானே நாலு தலைமுறையா இங்கதான் வியாபாரம் பண்றேன், என்ற நம்பரும் அதேதான்.”

“அந்த நம்பருல அமுக்குனா ஆப்பு வெளின்னு காட்டுதுங்.”

அஷ்ரஃப் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப கிழக்கு வீதி முழுக்க ஓட்டு இல்லையா?”

“இல்லீங்.”

“மேற்கு வீதிக்காரன் எல்லாம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொண்ணெடுத்தவன். கேரள நம்பருதான் வெச்சிருப்பான்.” அவர் மேசையில் கிடந்த சிம் அட்டைகளை ஓரமாகத் தள்ளி வைத்தார். “நல்ல ஆப்பும்மா. சம்பந்தம் எங்கன்னு பாத்து ஓட்டு குடுக்குது.”

வீட்டுக்கு வந்து திருத்தத்தை எழுதினேன். முகவரியைப் பார்க்கும் பகுதியை முழுவதுமாக நீக்கினேன். கைபேசி துல்லியமான இருப்பிடத்தைக் கொடுத்தால் அதைக் கொள்ளுதல். கொடுக்காவிட்டால் உறுப்பினராகச் சேர்ந்தபோது பதிவு செய்த கட்டுத்தரையைக் கொள்ளுதல். ஐயம் எழுந்தால் சங்க ஊழியர் நேரில் சென்று பார்த்தல். பழைய பதிவுகளையும் இம்முறைப்படி மறுபடி கணிக்க ஒரு நிரல் எழுதினேன். சோதனைப் பகுதியில் ஓடவிட்டபோது கிழக்கு வீதி பச்சையாயிற்று. அதைக் கணினியோடு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்று கௌசிக்கிடம் காட்டினேன்.

அவன் நிதானமாக முழுவதையும் படித்தான். வேகமாகப் படிப்பவன்; அன்று நிதானமாகப் படித்தான்.

“சரியாத்தான் இருக்குது அக்கா” என்றான்.

“இது இப்படி ஆகும்னு உனக்குத் தெரியாதா கௌசிக்?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“முதல் மாசத்துல இருந்து.” அவன் கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான். “தொடாதீங்க. தேர்தல் முடியட்டும்.”

உள்ளறையிலிருந்து தலைவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. கோபப்படவில்லை. காபி வரவழைத்தார்.

“இங்க பாரும்மா. தேர்தல் நேரத்துல விதிய மாத்துனா நாளைக்கு எல்லாரும் என்னயத்தான் கேப்பாங்க. ஒரு மாசம் பொறு. அப்புறம் நீயே மாத்து. சுத்தியிருக்கற சங்கமெல்லாம் உன்ற ஆப்பக் கேக்கறாங்க, தெரியுமா? கோவிந்தாபுரம் பக்கத்துல இருந்துகூட ஆளு வந்தாங்க. எல்லாத்துக்கும் அடியில உம்பேரு வரும்.”

“விதிய மாத்தலீங்க தலைவரே. தப்பத்தான் திருத்தறேன்.”

“தப்புன்னு நீ சொல்ற. கமிட்டி சொல்லலியே?”

“மாடு நிக்கற எடம் கேரளா. அதுக்குக் கமிட்டி எதுக்குங்க?”

அவர் காபியை ஆற்றிக்கொண்டே, “மாடு ஓட்டுப் போடாதும்மா” என்றார்.

மறுநாள் காலைக் கறவை முடிந்து, நகல் எடுத்தபின், திருத்தத்தை நேரடியாக ஏற்றினேன். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. பராமரிப்பு என் பொறுப்பு. பக்கத்தின் அடியில் அவ்வாறே எழுதியிருந்தது. பதிப்பு எண் ஒன்று கூடியது. பழைய பதிவுகள் மறுபடி கணிக்கப்பட்டன. பின்னர் கிழக்கு வீதியில் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவர் கைபேசியிலும் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். “ஏய் சரசு, இங்க வா! பாரு, பருத்திக் கொட்ட வெதச்ச காடு மொளச்ச மாதிரி. அத்தனையும் பச்ச!”

“அப்படியே அடியில தள்ளுங்க, அவ பேரு தெரியட்டும்” என்றார் சின்னம்மா.

“அம்மிணி, நாமெல்லாம் மறுக்கா ஊட்டுக்குள்ள வந்துட்டோம்” என்று சித்தப்பா என் தலையைத் தட்டினார். நாற்பதை நெருங்கும் பெண்ணின் தலையை எவரும் தட்டுவதில்லை. அன்று எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த சில நாட்களில் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. கௌசிக்கை அழைத்தேன்.

“சர்வர் மாத்தறோம் அக்கா. எல்லாருக்கும் பாஸ்வேர்டு நிறுத்தி வெச்சிருக்கு. கொஞ்ச நாள்ல தர்றேன்.”

“நான் போட்டது இருக்குதல்ல?”

“திறந்து பாருங்களேன்.”

திறந்து பார்த்தேன். கிழக்கு வீதி பச்சையாகவே இருந்தது. நிம்மதியடைந்தேன். இம்முறையும் அவன் பொய் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொன்னான்.

வாக்காளர் பட்டியல் காகிதத்தில் வந்த நாளில் அஷ்ரஃப் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலில் கேலி இல்லை. “கிருத்திகா, சொசைட்டிக்காரங்க என்ற கடைலதான் பிரிண்ட் எடுத்தாங்க. நீ போயி ஒரு தடவ பாத்துரு.”

அலுவலகச் சுவரில், நான் ஒட்டிய விளக்கத் தாளின் பக்கத்தில், பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. முதலில் தகுதியுள்ளவர்கள். அடுத்து, ‘வெளிமாநிலப் பால்: வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் இல்லை’ என்ற தலைப்பின் கீழ்க் கிழக்கு வீதி முழுவதும். முதற்பெயர் குப்பண்ணன். அது செயலியின் பக்கத்தை அப்படியே அச்செடுத்தது. ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘வடிவமைப்பும் பராமரிப்பும்: கிருத்திகா, செம்மண்களம்’ என்றிருந்தது. கூடியிருந்தவர்கள் மேலிருந்து கீழாகப் படித்தார்கள். எல்லோருடைய கண்ணும் கடைசியில் வந்து நின்றது என் பெயரில்.

கௌசிக் உள்ளே இருந்தான். நான் கேட்பதற்கு முன்பே பேசினான்.

“நீங்க ஏத்துன அன்னைக்குச் சாயங்காலக் கறவைக்கு முன்னாலயே திருப்பிட்டேன் அக்கா. நகல் இருந்துச்சு, கட்டளை இருந்துச்சு, சுவத்துல விளக்கமும் இருந்துச்சு. நிரலும் தரவும் பழசுக்குப் போயிருச்சு. வரைவுப் பட்டியல ஆப்புலயே போட்டோம். ஆட்சேபம் சொல்ல நாள் குடுத்தோம். கிழக்கு வீதியில ஒருத்தரும் சொல்லல.”

“என் போன்ல பச்சையா இருந்துச்சே.”

“உங்களுக்கே தெரியும்” என்றான். சில நொடிகளில் எனக்குத் தெரிந்தது.

எண் பெரிதானால் புதியது என்று நான் விதி செய்திருந்தேன். கௌசிக் பழைய பதிப்பைத் திருப்பியபோது சர்வரில் எண் குறைந்துவிட்டது. என் திருத்தத்தைத் திறந்து பார்த்த கைபேசிகளில் பெரிய எண் இருந்தது. அவை ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டன. சர்வர் சிறிய எண்ணைச் சொன்னது. ‘என்னிடம் இருப்பதே புதியது’ என்று அவை தம் பக்கத்தையே காட்டின. புதிய கறவைகளுக்கும் அப்பக்கமே பச்சை இட்டுக்கொண்டது; சர்வர் ‘வெளி’ என்று குறித்தது. ஒரு பதிப்பு பின்னோக்கியும் போகக்கூடும் என்பதை நான் எண்ணவில்லை. திரும்பும் வழியையும் நானே செய்தேன். வைத்துக்கொள்ளும் வழியையும் நானே செய்தேன். இரண்டும் தனித்தனியே சரியானவை. என் திருத்தத்தைத் திறந்து பார்த்தவர்கள் கிழக்கு வீதிக்காரர்கள் மட்டுமே; நான்தான் வீடு வீடாகச் சென்று திறந்து காட்டினேன். ஊர் முழுவதும் வரைவுப் பட்டியலைப் பார்த்தது. அதில் பெயர் இருந்தவர்கள் மட்டும் பார்க்கவில்லை.

“அடியில இருக்கற என் பேர எடுத்துரு” என்றேன்.

“அதுவும் மாற்றம்தானே அக்கா? தேர்தல் முடியட்டும்.”

சித்தப்பா வீட்டுக்குச் சென்றபோது அவர் கட்டுத்தரையில் உரச்சாக்கின்மேல் அமர்ந்திருந்தார். சின்னம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் இருவரும் ‘வா’ என்று சொல்லவில்லை.

“சித்தப்பா, நான் சொல்றதக் கேளுங்க.”

“கேக்கறேன். முன்னால இதப் பாரு.” கைபேசியை நீட்டினார். பட்டியல் பச்சையாக இருந்தது. “இன்னிக்குக் காத்தால கறந்ததும் பச்ச. பால் வண்டிக்காரன் குருசாமி அன்னிக்கே சொன்னான், ‘அண்ணா, ஆப்புல உங்க பேரு வெளிக்கணக்குல வந்துருக்குது, போயி எழுதிக் குடுங்க’ன்னு. நான் சிரிச்சேன். ‘எங்க ஊட்டுப் புள்ள செஞ்ச ஆப்பு, என்ற போன்ல பச்சையாத்தான் இருக்குது, போடா வேலையப் பாத்துட்டு’ன்னேன்.”

“உங்க போனு நான் போட்ட பக்கத்தயே வெச்சுக்கிச்சுங். அவிய பழசத் திருப்பிப் போட்டுட்டாங்க. அது உங்களுக்கு வரலீங்.”

“அப்ப எனக்கு ஒண்ணு காட்டீருக்குது. ஊருக்கு வேறொண்ணு காட்டீருக்குது.”

“ஆமாங்.”

“போனு தானா வெச்சுக்குமா?”

“இல்லீங். நான்தான் அப்படிச் செஞ்சு வெச்சேன். ரேஞ்சு இல்லாத நேரத்துக்கு—”

“அவிய திருப்புனாங்களே, அது எப்படி?”

“அதுக்கும் கட்டள ஒண்ணு எழுதி வெச்சிருந்தேனுங். தப்பு நடந்தா திருப்பறதுக்கு.”

“அதும் நீதான்.”

“ஆமாங்.”

“தாளுக்கு அடியில இருக்கற பேரு?”

ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் உண்மையான விடை இருந்தது. ஒவ்வொரு விடையும் என்னையே காட்டிக்கொடுத்தது. கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் அவருக்கு விளங்கும்படி சொல்ல என்னால் முடியும். விளங்கினால் அவர் என்னை இன்னும் நன்றாகச் சந்தேகிப்பார்.

சின்னம்மா வாளியைக் கீழே வைத்தார். “ஏங் கிருத்திகா, சிவப்பிரகாசு உனக்கு எல்லாச் சொசைட்டியவும் குடுக்கறேன்னு சொன்னாராமா? கோவிந்தாபுரத்துல இருந்துகூட ஆளு வந்தாங்களாமா?”

“அதெல்லாம் நான் கேக்கலீங் சின்னம்மா.”

“சொன்னாரா, சொல்லலியா?”

“சொன்னாருங்.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டின் அப்புறம் போனார்.

“சரி, உடு” என்றார் சித்தப்பா. “பச்சையப் பாத்துட்டே எத்தன நாளைக்கு ஒக்காந்திருக்கறது? நெசம் என்னவோ அதக் காட்டு.”

இதற்குரிய முறை எளியது. உலாவியின் அமைப்புக்குள் சென்று, அந்தத் தளத்துக்காகக் கைபேசி வைத்திருக்கும் அனைத்தையும் அழித்துவிட்டு, பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும். ஐயம் எழும்போதெல்லாம் முதலில் செய்ய வேண்டியது இதுவே. கணினி மையத்தில் இரண்டாம் வகுப்பிலேயே கற்பித்தார்கள். அவர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல் ‘அழி’ என்பதை அழுத்தியது. திரை வெண்மையாயிற்று, பின்னர் பக்கம் மேலிருந்து கீழாக வந்தது. வெளி. வெளி. வெளி. காலையில் அவர் கறந்ததற்கும் வெளி.

அவர் கைபேசியைப் பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலின் அடியில் என் பெயர் இருந்தது. கைபேசியை அவரிடம் நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இப்பச் சரியாப் போச்சா?” என்றார்.

“சரியாப் போச்சுங் சித்தப்பா” என்றேன்.